தூண்டில் முறைகள், கருவிகள், கனவு மீன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூண்டில் போடும் இருவர் சந்தித்துவிட்டால், எந்த முறையில் பிடிக்கிறீர்கள், என்ன கருவி வைத்திருக்கிறீர்கள், வாழ்நாளில் ஒருமுறையாவது எந்த மீனைப் பிடிக்க ஆசைப்படுகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளும் எழாமல் பேச்சு முடிவதில்லை. நான் பிறரிடம் கேட்டவையும் பிறர் என்னிடம் கேட்டவையுமான கேள்விகளை இங்கே விடைகளோடு தொகுத்திருக்கிறேன். என் சொந்த விருப்பம் கலந்திருக்கும் இடங்களில் அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறேன்.

எல்லா முறைகளிலும் சிறந்தது எது?

மீனை முன்வைத்துக் கேட்டால்தான் இந்தக் கேள்விக்கு விடை உண்டு. சேற்றைக் கிளறி உண்ணும் கெண்டைக்கும், பாசிக்கு அடியில் அசையாமல் கிடந்து பாய்ந்து கவ்வும் விராலுக்கும், கடலின் மேல்மட்டத்தில் கூட்டமாக இரை துரத்தும் சூரைக்கும் ஒரே முறை பொருந்தாது. மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது, எதை உண்கிறது, அதை உறிஞ்சுகிறதா, கவ்வுகிறதா, துரத்திப் பிடிக்கிறதா என்பவை தெரிந்துவிட்டால், முறை ஏறக்குறையத் தானே முடிவாகிவிடும். அதற்குப் பிறகுதான் நம் மனப்போக்குக்கு இடம். ஓரிடத்தில் அமர்ந்து நீரைப் பார்த்துக்கொண்டிருப்பதில் நிறைவு காண்பவர் தக்கையையும், இரையைத் தரையில் கிடத்தும் அடித்தூண்டிலையும் விரும்புவார். நடந்துகொண்டே நூறு இடங்களில் வீசிப் பார்க்க விரும்புபவர் லூரை, அதாவது செயற்கை இரையை, எடுப்பார். இருவரும் ஒரே குளத்தில் ஒரே நாளில் மீன் பிடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தக்கை கட்டிப் பிடிப்பது பழகுபவர்களுக்கான முறைதானே?

அப்படி நினைப்பவர்கள் தக்கையைச் சரியாக ஈயமிட்டுப் பயன்படுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே கருதுகிறேன். பெரும்பாலானோர் தக்கையின் பாதி நீருக்கு மேலே நிற்கும்படி விட்டுவிடுகிறார்கள். அந்த நிலையில் மீன் இரையை இழுக்கும்போது தக்கையின் மிதப்பாற்றல் முழுவதையும் எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது; அது உடனே சந்தேகப்பட்டு இரையை உமிழ்ந்துவிடும். நரம்பில், அதாவது தூண்டில் கயிற்றில், சிறு ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, தக்கையின் நுனி மட்டும் ஒரு நெல்மணி அளவுக்கு நீருக்கு மேல் தெரியும்படி அமைத்துவிட்டால், மீன் இரையை முகர்ந்து தொடுவதுகூட மேலே தெரியும்.

இதில் நான் மிகவும் நேசிக்கும் காட்சி ஒன்று உண்டு. கடைசி ஈயக்குண்டு முள்ளுக்கு நான்கைந்து விரற்கடை மேலே, தரையைத் தொட்டபடி இருக்குமாறு ஆழத்தை அளந்து வைத்திருக்கிறோம். ஒரு கெண்டை தலையைக் கீழே சாய்த்து இரையை வாயில் எடுத்துக்கொண்டு, உடலை மறுபடி நேராக்குகிறது. அப்போது அந்த ஈயக்குண்டும் தரையிலிருந்து உயர்கிறது. அதன் எடை நீங்கியதும் தக்கை அமிழ்வதற்குப் பதிலாக மெல்ல மேலெழுந்து, கொஞ்சம் தயங்கி, பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொள்கிறது. தக்கை முங்கினால்தான் மீன் என்று எண்ணிக் காத்திருப்பவர் இந்த மீனை இழப்பார். தக்கை சாயத் தொடங்கும்போதே கோலை உயர்த்துபவருக்கு அது கிடைக்கும்.

அடியில் இரையைக் கிடத்திவிட்டுக் காத்திருப்பது வெறும் அதிர்ஷ்டம் இல்லையா?

அந்த முறையில் திறமை வீசுவதற்கு முன்பே செலவாகிவிடுவதால், பார்ப்பவர்களுக்கு அது அதிர்ஷ்டம்போலத் தெரிகிறது. எந்த இடத்தில் தரை கடினமாக இருக்கிறது, எங்கே மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரிகிறது, மீன்கள் எந்த வழியாகப் போய்வருகின்றன என்பதைக் கண்டறிந்து, அங்கே சிறிதளவு தீவனம் தூவி, மீன்களை உண்ணப் பழக்கி, அதன் நடுவே முள்ளை வைப்பதுதான் அடித்தூண்டில். வெறும் ஈயத்தை வீசி, அதைத் தரையில் மெல்ல இழுத்துப் பார்த்தால் சேறு எது, சரளை எது, செடி எது என்று கோலின் நுனியே கையில் சொல்லிவிடும்.

கெண்டை பிடிப்பதில் இம்முறையைத் தலைகீழாக மாற்றியது, 1980-களில் இங்கிலாந்திலிருந்து பரவிய மயிரிழைக் கட்டு. இரையை முள்ளில் குத்தாமல், முள்ளின் பின்புறம் தொங்கும் மெல்லிய இழையில் கோத்துவிடுவார்கள். தொடக்கத்தில் உண்மையான தலைமயிரையே பயன்படுத்தியதால் அந்தப் பெயர் வந்தது. கெண்டை இரையை உறிஞ்சி, ஐயம் வந்தால் ஊதி வெளியே தள்ளும் பழக்கம் உடையது. இந்தக் கட்டில் இரை இயல்பாக வாய்க்குள் போகும். மீன் ஊதித் தள்ளும்போது வெறும் முள் திரும்பிக் கீழுதட்டில் தைத்துக்கொள்ளும். மீன் தப்பிக்கச் செய்யும் செயலே அதைப் பிடித்துக் கொடுக்கிறது என்பதால், மீனின் வாயை இவ்வளவு கூர்ந்து கவனித்த வேறு எந்தக் கட்டையும் நான் அறியேன்.

உயிரே இல்லாத லூரை மீன் ஏன் கடிக்கிறது?

பசி முதல் காரணம், அதுமட்டும் காரணமன்று. தன் எல்லைக்குள் நுழைந்ததை விரட்டுவதற்கும், எதிர்பாராமல் முகத்துக்கு முன் ஓடுவதை அனிச்சையாகக் கவ்வுவதற்கும் மீன்கள் கடிக்கின்றன. மீனின் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு நீரில் எழும் மெல்லிய அதிர்வுகளை உணர்கிறது. கலங்கல் நீரிலும் இருளிலும் லூரின் நிறத்தைவிட அது எழுப்பும் அதிர்வே முக்கியமாவது இதனால்தான்.

பின்லாந்தைச் சேர்ந்த லௌரி ராப்பாலா என்ற மீனவர், பெரிய மீன்கள் சின்ன மீன் கூட்டத்தைத் தாக்கும்போது, மற்றவற்றிலிருந்து சற்றே மாறுபட்டுத் தள்ளாடி நீந்தும் ஒன்றையே தேர்ந்தெடுப்பதைக் கவனித்தார். 1936-இல் அவர் தக்கைமரத்தைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய பளபளப்புத் தாளால் போர்த்தி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூச்சிட்டுச் செய்த லூர் அந்தத் தள்ளாட்டத்தை அப்படியே கொண்டுவந்தது. இன்று விற்கப்படும் எண்ணற்ற மீன்வடிவ லூர்கள் அதே கவனிப்பின் வழிவந்தவை. ஆகவே லூரைச் சீரான வேகத்தில் சுற்றி இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். நிறுத்துங்கள், அது மிதந்தோ மூழ்கியோ தடுமாறட்டும், பிறகு ஒரு வெட்டு வெட்டி இழுங்கள். நிறுத்திய இடத்தில்தான் பெரும்பாலும் அடி விழும்.

லூரின் நிறத்தில் அவ்வளவு விஷயம் இருக்கிறதா?

ஓரளவுக்கு இருக்கிறது. நீர் முதலில் விழுங்குவது சிவப்பொளியைத்தான். தெளிந்த நீரிலும் 10 மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு ஏறக்குறைய மறைந்து, சிவப்பு லூர் கருத்த உருவமாகத் தெரியத் தொடங்கும். மேற்பரப்பில் ஓடும் லூரை மீன் கீழேயிருந்து வானத்தின் பின்னணியில் பார்ப்பதால், அதன் முதுகு நிறம் மீனுக்குத் தெரிவதேயில்லை. வயிற்றுப்புற நிழலுருவமே தெரிகிறது. இதை அறிந்த பிறகு இருபது நிறங்களில் லூர் வாங்குவதை நிறுத்திவிட்டு, வெளிர், கருமை, பளபளப்பு என்ற மூன்றை வைத்துக்கொண்டு ஆழத்தையும் வேகத்தையும் மாற்றிப் பார்க்கிறேன். குறையேதும் தெரியவில்லை.

ஃப்ளை ஃபிஷிங் மற்ற முறைகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

மற்ற முறைகளில் ஈயத்தின் அல்லது லூரின் எடை நரம்பை இழுத்துச் செல்கிறது. இங்கே இறகும் நூலும் கொண்டு கட்டிய பூச்சிக்கு எடையே இல்லாததால், தடித்த நரம்பின் எடையே பூச்சியைச் சுமந்து செல்கிறது. அதனால்தான் நரம்பின் முதல் 30 அடியின் எடையைக் கொண்டு அதற்கு எண் வழங்கப்படுகிறது. கோலின் எண்ணும் அதோடு பொருந்த வேண்டும். பின்னால் வீசிய நரம்பு காற்றில் முழுவதுமாக விரியும் வரை பொறுத்திருந்து முன்னால் வீசுவதுதான் இதன் முழு வித்தை. அவசரப்பட்டால் சாட்டை சொடுக்கும் ஓசை கேட்கும். பூச்சி அறுந்து போயிருக்கும்.

படகிலிருந்து பிடிக்கும்போது ட்ரோலிங்கா, ஜிக்கிங்கா?

மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது ட்ரோலிங். தெரிந்த பிறகு ஜிக்கிங். ஓடும் படகின் பின்னே லூர்களை இழுத்துச் செல்வதால் குறைந்த நேரத்தில் பெரும்பரப்பைத் தேட முடியும். வஞ்சிரம், சூரை, சீலா போன்ற வேகமான மீன்களுக்கு அது பொருந்தும். பாறைத்திட்டின் மேல் படகை நிறுத்தி, எடைமிக்க உலோக லூரை நேர்கீழே இறக்கி, வெட்டி வெட்டி மேலே ஏற்றுவது ஜிக்கிங். அது தோளையும் முதுகையும் சோதிக்கும். ட்ரோலிங்கில் கோல் தாங்கியில் இருக்கும்போதே மீன் மாட்டிவிடுவதால், கையில் விழும் அந்த முதல் அடியை இழக்கிறோம். அதை இழக்க மனமில்லாததால் எனக்கு ஜிக்கிங்கே பிடித்திருக்கிறது.

கருவிகளை வாங்கும்போது எதிலிருந்து தொடங்க வேண்டும்?

முள்ளிலிருந்து. பெரும்பாலோர் நரம்பைச் சுற்றிவைக்கும் பளபளக்கும் ரீலைப் பார்த்து வாங்கி, அதற்கேற்ற கோலைத் தேடி, பிறகு நரம்பைச் சுற்றி, கடைசியில் கையில் கிடைத்த முள்ளைக் கட்டுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிடிக்கப்போகும் மீனின் வாய் எப்படிப்பட்டது என்று பாருங்கள். அந்த வாய்க்கும் இரைக்கும் ஏற்ற முள், அந்த முள்ளைத் தைக்க வைக்கும் அளவுக்கு உறுதியான நரம்பு, அந்த நரம்பை உடைக்காமல் வளைந்துகொடுக்கும் கோல், அந்த நரம்பைத் தேவையான நீளத்துக்குக் கொள்ளும் ரீல் என்று மேல்நோக்கி வாருங்கள்.

விராலை எடுத்துக்கொள்வோம். அதன் வாய் எலும்பாலானது. பாசிக்கும் தாமரைத் தண்டுக்கும் நடுவே வாழ்வது. ஆகவே தடித்த, கூரிய இரட்டை முள் கொண்ட தவளை லூர் வேண்டும். முள்ளை எலும்பில் இறக்கவும், மீனைச் செடிகளிலிருந்து பிடுங்கி எடுக்கவும் இழைகளைப் பின்னிய, நீளாத பிரெய்டு நரம்பு வேண்டும். அந்த விசையைத் தாங்க அடிப்பகுதி விறைத்த கோல் வேண்டும். இதே கருவியைக் கொண்டு மென்மையான உதடுடைய சிறுகெண்டையைப் பிடிக்கப் போனால் உதடு கிழிந்து மீன் போய்விடும். கருவியில் நல்லது கெட்டது என்பதைவிடப் பொருந்துவது பொருந்தாதது என்பதே மெய்.

முள்ளின் எண்களில் குழப்பம் வேண்டாம். 10, 8, 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும்; அதற்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகும்.

மோனோ, பிரெய்டு, ஃப்ளூரோகார்பன் ஆகியவற்றில் எதைச் சுற்றுவது?

மூன்றின் இயல்பும் வேறு வேறு. நைலான் மோனோ நன்றாக நீளும்; அந்த நெகிழ்ச்சி மீன் திடீரென்று உதறும்போது அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும். பிரெய்டு பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. ஏறக்குறைய நீள்வதே இல்லை என்பதால் 50 மீட்டர் தொலைவில் மீன் மூச்சுவிட்டால்கூடக் கையில் தெரிவதுபோல் இருக்கும். அதே வலுவுள்ள மோனோவைவிட மிக மெல்லியது. ஆனால் பாறையிலோ சிப்பியிலோ உரசினால் சட்டென்று அறுந்துவிடும்.

ஃப்ளூரோகார்பன் நீரில் தெரியாமல் போவதற்கு ஒளியியல் காரணம் இருக்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பனுடையது 1.42, நைலானுடையது 1.5-க்கு மேல். நீரின் எண்ணுக்கு நெருங்க நெருங்க ஒளி வளையாமல் ஊடுருவுவதால் நரம்பு கண்ணுக்கு மங்கலாகிறது. அடர்த்தியிலும் வேறுபாடு உண்டு. நீரை 1 என்று கொண்டால் பிரெய்டின் பாலிஎத்திலீன் 0.97 என்பதால் மிதக்கும், நைலான் 1.14 என்பதால் மெல்ல அமிழும், ஃப்ளூரோகார்பன் சுமார் 1.78 என்பதால் விரைவாக மூழ்கும். நீரின் மேல் மிதந்து ஓடும் லூருக்கு நீளமான ஃப்ளூரோகார்பனைக் கட்டினால் அதன் மூக்கு கீழே இழுபட்டு ஆட்டம் கெட்டுவிடுவது இதனால்தான்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றில்லை. ரீலில் பிரெய்டு, முன்னால் ஒன்று அல்லது இரண்டு மீட்டர் மோனோவோ ஃப்ளூரோகார்பனோ லீடராக, அதாவது முள்ளைக் கட்டும் முன்துண்டாக, என்பதே நான் பெரும்பாலும் கட்டும் கூட்டு. தக்கைத் தூண்டிலுக்கு மட்டும் மோனோவே இருக்கட்டும்.

ஸ்பின்னிங் ரீலா, பெய்ட்காஸ்டரா?

முதல் ரீலாக வாங்குவது ஸ்பின்னிங் ரீலாக இருக்கட்டும். நரம்பு சுற்றியிருக்கும் அதன் உருளையான ஸ்பூல் வீசும்போது சுழலாமல் நிலையாக நிற்க, நரம்பு வளையம் வளையமாகக் கழன்று போகும். இந்த ஏற்பாட்டுக்கு ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1905-இல் காப்புரிமை பெற்றார். பஞ்சாலையில் நூற்கண்டிலிருந்து நூல் கழல்வதைப் பார்த்த அனுபவம் அதற்குத் துணைநின்றது என்பார்கள். பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுழல்கிறது. லூர் நீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரலால் அதை நிறுத்தாவிட்டால், ஸ்பூல் தொடர்ந்து சுற்றி நரம்பு முழுவதும் சிக்காகிவிடும். அந்தக் கட்டைவிரல் பழகிவிட்டால் ஓர் இலையின் ஓரத்தில் லூரை இறக்கும் துல்லியம் கிடைக்கும். எடை குறைந்த லூர்களை வீச ஸ்பின்னிங்கே மேல்.

டிராகை எவ்வளவு இறுக்குவது?

டிராக் என்பது மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் ரீலின் தடை. நரம்பின் அறுபடு வலுவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் என்பது நம்பத்தக்க கணக்கு. 10 கிலோ நரம்பென்றால், கோலை வளைத்துப் பிடித்து நரம்பின் நுனியைச் சுருள்வில் தராசில் மாட்டி இழுக்கும்போது, சுமார் 2.5 முதல் 3 கிலோவில் ஸ்பூல் நழுவத் தொடங்க வேண்டும். கையால் இழுத்துப் பார்த்துச் சொல்லும் கணக்கு பெரும்பாலும் தவறிவிடுகிறது.

மீதி வலுவை ஏன் பயன்படுத்தாமல் விடுகிறோம் என்று சிலர் கேட்பார்கள். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓட ஓட, ஸ்பூலில் நரம்புச் சுற்றின் விட்டம் குறைகிறது. விட்டம் பாதியானால், நீங்கள் எதையும் தொடாமலேயே டிராகின் இழுப்பு இருமடங்காகிவிடும். அத்துடன் நீரில் வளைந்து இழுபடும் நரம்பின் உராய்வும் சேரும். ஓடும் பெரிய மீனைக் கண்டு பதறி டிராகை மேலும் இறுக்குவதே நரம்பு அறுவதற்கு முதற்காரணம். அந்தத் தவற்றை நானும் செய்து, நெடுநாள் காத்திருந்த ஒரு கொடுவாவை இழந்திருக்கிறேன்.

எத்தனை முடிச்சுகள் தெரிந்திருக்க வேண்டும்?

மூன்று போதும்: மோனோவில் முள் கட்ட ஐந்து அல்லது ஆறு சுற்று கொண்ட கிளிஞ்ச், பிரெய்டில் முள் கட்ட பாலோமர், பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி. வழுவழுப்பான பிரெய்டில் கிளிஞ்ச் உருவிக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம்.

எந்த முடிச்சானாலும், இறுக்குவதற்கு முன் எச்சிலாலோ நீராலோ நனைத்து, மெல்ல, ஒரே சீராக இழுத்து இறுக்குங்கள். உலர்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் அதன் மேற்பரப்பு கெட்டுவிடும். முடிச்சுக்கு மேலே நரம்பு பன்றிவால்போலச் சுருண்டிருந்தால் அது நடந்துவிட்டது என்று பொருள். வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். ஒவ்வொரு பெரிய மீனுக்குப் பிறகும் லீடரை இரு விரல்களுக்கிடையே உருவிப் பார்த்து, சொரசொரப்பு தட்டுப்பட்டால் அந்தப் பகுதியை நீக்கிவிடுவது என் வழக்கம்.

காற்றழுத்தம், நிலா, நேரம் ஆகியவற்றை நம்பலாமா?

காற்றழுத்தத்தை மீன் நேரடியாக உணர்ந்து கடிக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. 1 மீட்டர் நீரின் அழுத்தம் ஏறக்குறைய 98 ஹெக்டோபாஸ்கல். வானிலை மாறும்போது காற்றழுத்தம் 10 அல்லது 20 ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கலாம். அது 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழ மாற்றத்துக்குச் சமம். மீன் ஒருமுறை வாலை அசைத்து மேலே வந்தாலே அதே மாற்றத்தைக் கடந்துவிடுகிறது. அழுத்தம் குறையும்போது கூடவே வரும் மேகமூட்டமும் காற்றும் அலையும்தான் வேட்டைமீன்களுக்குத் துணிவு தருகின்றன என்று கொள்வது பொருத்தமாகத் தெரிகிறது.

நிலா கடலில் முக்கியம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஓதங்கள் வலுத்து, நீரோட்டம் சிற்றுயிர்களை அடித்துக்கொண்டு வரும், பெரிய மீன்கள் அதற்காகக் காத்து நிற்கும். நீர் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் வேளையில் கடியும் நின்றுவிடுவதைப் பலரும் கண்டிருப்பார்கள்.

விடியற்காலைதான் எப்போதும் சிறந்தது என்பதிலும் ஒரு விலக்கு உண்டு. செடி அடர்ந்த குளங்களில் இரவெல்லாம் செடிகளும் மீன்களைப் போலவே உயிர்வளியைச் செலவழிப்பதால், விடியும் நேரத்தில்தான் நீரில் அது மிகக் குறைவாக இருக்கும். அத்தகைய குளத்தில் வெயில் சற்று ஏறிய பிறகு மீன்கள் சுறுசுறுப்படைவதைக் காணலாம்.

கரையிலேயே மீன் இருந்தும் ஏன் கடிப்பதில்லை?

பெரும்பாலும் அது உங்களைப் பார்த்துவிட்டது. நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரிகிறது. அதன் விளிம்பில் தாழ்ந்த பொருள்கள் மிகவும் நசுங்கித் தோன்றும். எனவே நின்றால் தெரிவீர்கள், குனிந்து அமர்ந்தால் மறைவீர்கள். காலடி அதிர்வும் நிலத்தின் வழியே நீருக்குள் சேர்ந்துவிடும்.

தூண்டில்காரர்கள் கனவு காணும் மீன்கள் எவை?

கடலில் முதலில் சொல்லப்படுவது கருமார்லின். 1953 ஆகஸ்ட் 4 அன்று பெரு நாட்டின் காபோ பிளாங்கோ கடலில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த 1,560 பவுண்டு, அதாவது சுமார் 707 கிலோ மார்லின், அந்த இனத்தில் எழுபது ஆண்டுகளைக் கடந்தும் முறியடிக்கப்படாத சாதனை.

கரையிலும் பாறைத்திட்டுகளிலும் வீசுபவர்களுக்குப் பெரும்பாரை. சீஷெல்ஸின் ஃபார்கார் பவளத்தீவில் தாழப் பறக்கும் ஆலாக்களை நீரிலிருந்து பாய்ந்து கவ்வும் மீன் அது. மேற்பரப்பில் நீரைத் தெறிக்கவிட்டு ஓடும் பாப்பர் லூரை அது அடிக்கும் வேகத்தை முதன்முறை காண்பவர் கோலை உயர்த்த மறந்து நின்றுவிடுவார். டார்பன், துள்ளலுக்குப் பேர்பெற்றது. அது காற்றில் எழும் கணத்தில் கோலை மீனை நோக்கித் தாழ்த்தி நரம்பைத் தளர்த்த வேண்டும். இறுக்கிப் பிடித்தால் தலையுதறலில் முள் தெறித்துவிடும் அல்லது நரம்பு அறும்.

நன்னீரில் மங்கோலிய ஆறுகளின் டைமென், காங்கோ ஆற்றின் பெரும்புலிமீன், அமேசானின் அரபைமா என்று பட்டியல் நீளும். புலிமீனின் பற்களுக்கு எஃகு லீடர் இல்லாமல் முடியாது. அரபைமா காற்றைச் சுவாசித்தே வாழும் மீன்; களைத்துப்போன அதனை மேற்பரப்புக்கு வந்து மூச்செடுக்க விடாவிட்டால் நீரிலேயே மூச்சுத்திணறிவிடும் என்பதைப் பிடிக்கப் போகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

என் கனவு மீன் மஹ்சீர். காவிரி ஆற்றுத்தொகுதியில் மட்டுமே வாழும் திமில் மஹ்சீர் 1946-இல் 120 பவுண்டு எடையில் தூண்டிலில் சிக்கியிருக்கிறது. அதன் அறிவியல் பெயர் 2018-இல்தான் உறுதியானது. அதே ஆண்டில் அது அற்றுப்போகும் நிலையை மிக நெருங்கிய இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அறிவியல் பெயரும் அழிவின் எச்சரிக்கையும் ஒரே ஆண்டில் வந்த மீன் அது. அதைத் தூண்டிலில் காண்பதைவிட, பாறைகளுக்கிடையே பாயும் நீரில் பொன்னிறச் செதில்கள் ஒருமுறை திரும்புவதைக் காண்பதே இப்போது என் ஆசை.

சாதனை எப்படி அங்கீகரிக்கப்படுகிறது?

1939-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் உலக சாதனைகளைப் பதிவு செய்கிறது. மீன் மாட்டிய பிறகு வேறொருவர் கோலையோ ரீலையோ தொட்டால் அந்த மீன் சாதனைக்குத் தகுதி இழந்துவிடும். எடை வேறுபாட்டிலும் விதி உண்டு. 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பெருவாய் பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ் இருந்தது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்ததோ அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் சற்றே குறைவான அளவு கூடுதலாக இருந்தது. அந்த அளவு மீன்களில் பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ் கூடுதல் வேண்டும் என்பதால், இருவரும் சாதனையைச் சமமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

விட்டுவிட்ட மீன் உண்மையிலேயே பிழைக்கிறதா?

நாம் எப்படிக் கையாளுகிறோம் என்பதைப் பொறுத்தது. களைக்கும்வரை ஓடவிட்ட வானவில் ட்ரௌட் மீன்களை வைத்து 1992-இல் வெளியான ஆய்வில், காற்றில் எடுக்கப்படாதவற்றில் 12 விழுக்காடு இறந்தன; 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 விழுக்காடும், 60 விநாடி வைத்தவற்றில் 72 விழுக்காடும் இறந்தன. எல்லா இனங்களும் இவ்வளவு மென்மையானவை அல்ல என்றாலும், ஒரு படத்துக்காக மீனை உயர்த்திப் பிடித்திருக்கும் நேரம் அதற்கு என்னவாக இருக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. எடுப்பதற்கு முன் நம் மூச்சை அடக்கிக்கொண்டு, நமக்கு மூச்சுமுட்டும்போது மீனை நீரில் இறக்கிவிடுவது எளிய அளவுகோல்.

கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள கோழையை அகற்றிவிடும், நோய்க்கு எதிராக அதற்கு இருக்கும் போர்வை அதுதான். இரை வைத்துப் பிடிப்பதானால் நுனி உள்நோக்கி வளைந்த வட்டமுள் பயன்படுத்துங்கள். கோலை வெட்டி இழுக்காமல் மெல்லச் சுற்றினால் அது தொண்டையில் தைக்காமல் வாயின் ஓரத்தில் தைக்கும். முள்ளின் நுனிக்குப் பின்னே நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது ஒரு நொடி வேலை. முள்ளை விழுங்கிவிட்ட மீனின் தொண்டையைக் கிளறாமல் நரம்பை வாயருகே வெட்டிவிடுவதே அதற்கு நல்லது. வெப்பமான நாள்களில் இன்னும் கவனம் தேவை. 10 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் உயிர்வளி கரையும், 30 பாகையில் 7.5 மில்லிகிராம் மட்டுமே.

ஆழ்கடல் மீன்களுக்கு வேறு இடர். 30 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரும்போது காற்றுப்பையிலுள்ள வாயு நான்கு மடங்கு விரிகிறது. வயிறு உப்பி, மிதந்தபடி கீழே போக முடியாமல் தவிக்கும் களவாவை எடை கட்டி ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவிகள் இருக்கின்றன. அவை இல்லையென்றால் விடுவிக்கும் எண்ணத்தோடு ஆழத்தில் பிடிக்காமல் இருப்பதே மேல்.

எப்போது பிடிக்காமல் இருக்க வேண்டும்?

விரால் தன் பார்ப்புகளைக் காவல் காக்கும்போது. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து குமிழியிடும் இடத்தில் லூரை வீசினால் தாய்தந்தை மீன் பசிக்காக அன்றிக் காவலுக்காகப் பாய்ந்து கடிக்கும். அதைப் பிடித்துவிட்டால் அந்தப் பார்ப்புகளை மற்ற மீன்கள் சில மணி நேரத்தில் தின்றுவிடும். மிக எளிதாகக் கிடைக்கும் மீன் அது. நான் அங்கே வீசுவதில்லை, உடன் வருபவர்களையும் வீச விடுவதில்லை.

ஒரே கோலோடு செல்வதானால் எதைப் பரிந்துரைப்பீர்கள்?

சுமார் 7 அடி நீளம், நடுத்தர வலு, நுனி விரைவாக வளையும் கார்பன் ஸ்பின்னிங் கோல். 2500 அல்லது 3000 அளவு ரீல். 6 முதல் 8 கிலோ வலுவுள்ள பிரெய்டு. ஒரு சுருள் லீடர் நரம்பு. தக்கை, அடித்தூண்டில், சிறு லூர் மூன்றையும் இதில் செய்யலாம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதால் இடி முழங்கினால் உடனே கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு விலகுங்கள். மின்கம்பிகளுக்குக் கீழே கோலை நிமிர்த்திக்கொண்டு நடக்காதீர்கள். வெட்டியெறியும் நரம்புத் துண்டுகளை ஒரு சிறு டப்பாவில் சேர்த்து வீட்டுக்கு எடுத்து வாருங்கள். பறவையின் காலில் சுற்றிய நரம்பை அறுத்தெடுக்க எனக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஆயிற்று, அதற்குள் அந்தக் கொக்கின் ஒரு விரல் கருத்துப்போயிருந்தது.